‘புரொக்ளிவிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

ஆங்கில நூல்களையும் நாளிதழ்களையும் பயிலும் நம் மாணாக்கர்க்கு இடையிடையே எதிர்ப்படும் சொற்களுள் ‘புரொக்ளிவிட்டி’ என்பதும் ஒன்று. ஒருவனுடைய நடத்தை எப்பக்கம் சாயும் என்பதை உணர்த்த வந்த சொல் இது. பொருள் எளிதாகவே தோன்றும். ஆயினும் இதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார் பெரும்பாலும் இடறுகின்றனர். அவ்விடறல் வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாக நில்லாமல், மனிதரைப் பற்றிய ஒரு தீர்ப்பாகவும் முடிதல் உண்டு. ஆதலின் இச்சொல்லைச் சற்று விரிவாக ஆராய்தல் தகுமெனக் கருதினோம்.

இவ்வாராய்ச்சிக்கு இடமாயிருந்தது நீலகிரியிலுள்ள லவ்டேல் என்னும் சிற்றூர். சென்ற விடுமுறையில் மாணாக்கர் சிலருடன் அங்கே மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். திரும்பும் நாட்காலையில், குன்னூருக்குச் செல்லும் மலைப் புகைவண்டியை எதிர்நோக்கி நிலையத்தில் அமர்ந்திருக்கையில், மாணாக்கர் ஒருவர் ஓர் ஆங்கிலக் கதைநூலைப் படித்து, அரிய சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, எதிரே தமிழ்ப்பொருளும் எழுதிக்கொண்டிருந்தார். ‘புரொக்ளிவிட்டி’ என்பதற்கு எதிரே ‘பிறவிக்குணம்’ என்று எழுதியிருந்தது எம் கண்ணிற் பட்டது. “இப்பொருள் எங்கே கிடைத்தது?” என்று வினவினோம். “ஐயா, அகராதியில் ‘இயற்கையான நாட்டம், சிறப்பாகத் தீயதன்பாற் செல்வது’ என்றிருக்கின்றது. இயற்கை என்றால் பிறவிதானே? அதனால் சுருக்கி எழுதிக்கொண்டேன்” என்றார்.

அவர் சுருக்கியது தவறென்று உடனே சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அகராதிகள் பல அவ்வாறே கூறுகின்றன என்பது உண்மை. ஆயின் அச்சொல் பிறந்த வழியை நோக்கினால் வேறொன்று புலப்படும்.

இலத்தீனத்தில் ‘கிளிவுஸ்’ என்றால் மலைச்சரிவு. அதனோடு முன்னோக்குதலைக் குறிக்கும் ‘புரோ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘புரோகிளிவிஸ்’ என்றாயிற்று. முன்னோக்கிச் சரிந்த, கீழ்நோக்கி இறங்குகின்ற என்பது அதன் பொருள். சரிவில் நிற்பது எளிதில் இறங்கும். ஆகவே எளிதில் ஒன்றன்பாற் செல்லுதல் என்னும் பொருளும் இலத்தீனத்திலேயே அதற்கு ஏற்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்திற் புகுந்தது. மேல்நோக்கிய சரிவை ‘அக்ளிவிட்டி’ என்றும், கீழ்நோக்கிய சரிவை ‘டிக்ளிவிட்டி’ என்றும் நிலநூலார் இன்றும் வழங்குவர். இம்மூன்றும் உடன்பிறந்த சொற்கள். முன்னிரண்டும் மலையிலேயே தங்கிவிட, மூன்றாவது மட்டும் மனிதன் மனத்தினுள் குடியேறிவிட்டது.

லவ்டேலில் இதனை விளக்குதற்கு நாம் வருந்த வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் சரிவுதான். அருகிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கின் தோட்டத்தில் ஒரு மூட்டை அவிழ்ந்து உருளைக்கிழங்குகள் சிந்தின என்று வைத்துக்கொள்வோம். அவை உருண்டு கீழே ஓடும். அதனைக் கண்டு, ‘கிழங்கு ஓடுகின்ற குணமுடையது’ என்று தோட்டக்காரர் எவரும் சொல்லார். ‘நிலம் சரிவு’ என்றே சொல்வர். இவ்வாறு நாம் கூறியபோது, மற்றொரு மாணாக்கர் இடைமறித்து, “கிழங்கு உருண்டையாக இருப்பதும் ஒரு காரணமல்லவா, ஐயா? செங்கல்லாயிருந்தால் அங்கேயே கிடந்திருக்குமே” என்றார். மிகவும் நியாயமான தடை அது. பொருளின் வடிவும், அது கிடக்கும் இடத்தின் சாய்வும் ஆகிய இரண்டும் கூடியே ஓட்டம் நிகழ்கின்றது. இவற்றுள் எது எவ்வளவு என்பதை ‘புரொக்ளிவிட்டி’ என்னும் சொல் கூறுவதில்லை. அதனைக் கூறாமல் விடுவதே அச்சொல்லின் இயல்பு. ‘பிறவிக்குணம்’ என்று பெயர்த்தவுடன், சொல் கூறாத ஒன்றை நாம் கூறியவர்களாகின்றோம்.

இனி இதன் வழக்கைப் பார்ப்போம். ஒலிக்கும்போது இரண்டாம் அசையாகிய ‘க்ளி’ என்பதில் அழுத்தம் விழவேண்டும். நம்மவர் முதலசையில் அழுத்தி ஒலிப்பது வழு. இச்சொல்லின்பின் ‘டு’, ‘ஃபார்’, ‘டுவர்ட்ஸ்’ என்னும் இடைச்சொற்களுள் ஒன்று வரும். பன்மையில் வருதல் மிகுதி. உயிரில்லாப் பொருளுக்கு இது வருதல் அரிது. ‘இரும்பு துருப்பிடிக்கும் தன்மையது’ என்னுமிடத்து ஆங்கிலர் ‘டெண்டென்சி’ என்பரேயன்றி இதனை வழங்கார். ஒருமுறை நிகழ்ந்த செயலுக்கும் இது பொருந்தாது. ஒருவன் நேற்று ஒரு பொய் சொன்னான் என்றால், அவனுக்குப் பொய்யின்பால் ‘புரொக்ளிவிட்டி’ இருக்கின்றதென எழுதுதல் பிழை. பலகால் சொல்லக் கண்டிருத்தல் வேண்டும். நல்லனவற்றுக்கும் இச்சொல் வருவதுண்டு. இசையின்பாலோ கணக்கின்பாலோ ஒருவர்க்குள்ள நாட்டத்தை இதனாற் கூறலாம். ஆயினும் குடி, சூது, பிறர்பொருள் வௌவுதல் என்பவற்றோடு சேர்ந்து வருதலே பெரும்பான்மை. சரிவு கீழ்நோக்கியது என்னும் பழைய நினைவு அதனை விட்டு இன்னும் நீங்கவில்லை போலும்.

இதற்கு உறவான சொற்கள் பல. ‘புரொபென்சிட்டி’ என்பது முன்னோக்கித் தொங்குதல் என்னும் பொருளிற் பிறந்தது. ‘இன்க்ளினேஷன்’ என்பது சாய்தல், இதில் விருப்பம் கலந்திருக்கும், தீமைக்குறிப்பு இல்லை. ‘பென்ட்’ என்பது வளைவு. பிரெஞ்சிலிருந்து வந்த ‘பான்ஷாந்’ என்பதும் சாய்தலே. இவை யாவும் சாய்வையோ தொங்கலையோ வளைவையோ காட்டுவன என்பதை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். ‘ஹாபிட்’ என்பது வேறு இனம். அது கொண்டிருக்கும் நிலையைக் குறிக்கும். துறவியர் அணியும் அங்கிக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். ‘காரக்டர்’ என்பது கிரேக்கத்தில் பொறித்த முத்திரை. உடையைக் கழற்றலாம், முத்திரையைக் கழற்றல் அரிது. இவ்வளவில் ஆங்கிலத்தை நிறுத்தித் தமிழுக்கு வருவோம்.

நம் மொழியில் இப்பொருட்பரப்பிலுள்ள சொற்கள் மிகப்பல. அவற்றுள் ஒவ்வொன்றும், அந்நடத்தை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித் தனக்கென ஒரு கொள்கை உடையது. ‘இயல்பு’ என்றால் பொருளோடு பிரிக்கவொண்ணாதது. தீயின் வெம்மை போல்வது. ‘சுபாவம்’ என்னும் வடசொல்லும் அன்னதே. ‘பழக்கம்’ என்பது பழகியதனால் வந்தது, பழகாதிருந்தால் வந்திராது. ‘வழக்கம்’ ஒருவனுடையது மட்டுமன்று. ஊரும் உறவும் வழங்கி வருவது. ‘நாட்டம்’ என்பதில் நாடுதலாகிய உள்ளத்தின் முயற்சி உண்டு. ‘சார்பு’ என்றால் பக்கத்தில் மற்றொன்று இருந்தே தீரவேண்டும். ‘போக்கு’ என்பது செல்லும் திசையை மட்டும் காட்டி, காரணத்தைப் பற்றி வாய்திறவாது.

‘வாசனை’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. முற்பிறவியிற் பழகியது இப்பிறவியிலும் மணமாய்த் தொடர்கின்றது என்னும் கருத்தால், பிள்ளைகளின் பிஞ்சுப் பருவத்து நாட்டத்தை ‘பூர்வ வாசனை’ என்பர் நம் பெரியோர். பெருங்காயம் இருந்த பாண்டத்தின் உவமையும் இதுபற்றியே எழுந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பிறவியிலேயே இருப்பது என்று ஒப்புக்கொண்டும், அதுவும் ஒருகாலத்துப் பழக்கமே என்று சொல்லிவிடுகின்றது இச்சொல். பாண்டம் பெருங்காயமாகப் பிறக்கவில்லை. ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்னும் பழமொழியையும் பிறவிக்குணத்துக்குச் சான்றாகப் பலர் கூறுவர். கூர்ந்து நோக்குமின்: அது தொட்டிலைக் கூறுகின்றதேயன்றிக் கருப்பையைக் கூறவில்லை. தொட்டிலில் இட்டவரும் ஆட்டியவரும் அருகிருந்து பாடியவரும் அதனுள் அடங்குவர். சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும், சேர்ந்த நிலத்தின் தன்மையால் நீர் வேறுபடுமாற்றை மனிதர் அறிவுக்கு உவமையாக்கினார் என்பது யாவரும் அறிந்ததே.

ஆகவே ‘புரொக்ளிவிட்டி’ என்பதற்கு நாம் விரும்புவது ‘சாய்வு’ என்னும் சொல். ‘களவின்பாற் சாய்வு’, ‘குடியின்பாற் சாய்வு’ என எழுதினால் தமிழாகவும் இருக்கும். பிறப்பையோ வளர்ப்பையோ முடிவு கட்டாமலும் இருக்கும். ‘சாய்வு’ செவிக்கு வறிதாகத் தோன்றுமிடத்து ‘நாட்டம்’ எனலாம். ‘பிறவிக்குணம்’ என்பதைமட்டும், மூலநூலாசிரியர் தாமே பிறப்பென்று வெளிப்படையாகச் சொன்ன இடத்தன்றி வழங்கலாகாது.

இவ்வளவில் சொல்லாராய்ச்சி முடிந்ததென எண்ணினோம். ஆயின் வண்டி வரத் தாமதமாயிற்று; பேச்சும் நீண்டது. முந்தின நாள் நாம் வெளியே நின்று கண்ட லாரன்ஸ் பள்ளியைப் பற்றி ஒருவர் கேட்டார். அதனோடு இச்சொல்லுக்குள்ள தொடர்பு அப்பொழுதுதான் எமக்கே விளங்கிற்று.

சர் ஹென்றி லாரன்ஸ் என்பார் கும்பினியாரின் படைத்தலைவரும் ஆட்சியாளருமாயிருந்தவர். 1857-ஆம் ஆண்டு லக்னோ முற்றுகையில் இறந்தார். ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகள் சமவெளியின் வெப்பத்தாலும், படைக்கொட்டிலின் குடியும் சண்டையும் வசையும் சூழ்ந்த வாழ்க்கையாலும் கெடுகின்றனர் என்பது அவர் கண்டது. அவர்களை மலைநாட்டுக்கு அழைத்துச்சென்று வளர்த்தால் உடலும் ஒழுக்கமும் திருந்துமெனக் கருதி, 1847-இல் சிம்லாவை அடுத்த சனாவரிலும், 1856-இல் அபு மலையிலும் பிள்ளைகட்குப் புகலிடம் நிறுவினார். அவர் மறைந்தபின் அவர் நினைவாக 1858-இல் உதகையில் தொடங்கப்பெற்றதே பின்னர் லவ்டேலில் நிலைபெற்ற பள்ளி. அக்காலத்தில் அதற்கு ‘அஸைலம்’ என்று பெயர். புகலிடம் என்பதே அதன் பொருள். பிற்காலத்தில் அச்சொல் மனநோயர் விடுதிக்கு உரியதாய்விட்டமையின், பெயரினின்றும் அது நீங்கிற்று. இந்தியா விடுதலை பெற்றபின் அனைவர்க்கும் உரிய பள்ளியாய் இன்றும் அது நடைபெறுகின்றது.

இதனுள் அடங்கிய கொள்கை யாது? வீரனுடைய மகன் குடிகாரனாகப் பிறக்கின்றான் என்று லாரன்ஸ் கருதவில்லை. அவன் நிற்கும் நிலம் சரிவு என்று கருதினார். ஆகவே நிலத்தை மாற்றினார். லவ்டேலிலிருந்து வெலிங்டன் படைவீடு சில கல் தொலைவுதான். ஆயினும் கொட்டிலின் நடுவே பிள்ளை வளர்வதற்கும், குன்றின்மேல் தனித்து வளர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம்பி எழுப்பிய கட்டடம் அது. பிள்ளைகளைப் பெற்றோரினின்று பிரித்தல் நன்றோ தீதோ என்பது வேறு வினா. அதில் எமக்கு ஐயம் உண்டு.

அதே ஆட்சியினர், அதே தலைமுறையில், வேறு மனிதரைப் பற்றி எழுதும்போது இக்கொள்கையைக் கைவிட்டனர். 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. ஒரு குலமோ கூட்டமோ வகுப்போ குற்றங்களைத் தொடர்ந்து செய்வதில் ஆழ்ந்தது என்று அரசு கருதினால், அதனை அவ்வாறே அறிவித்துப் பதிவேட்டில் ஏற்றலாம். அவ்வறிவிப்புச் சரியா தவறா என்று கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆழ்ந்தது என்று நாம் பெயர்த்த இடத்தில் அச்சட்டம் வழங்கிய சொல் ‘அடிக்டெட்’ என்பது. பழைய உரோமர் சட்டத்தில், கடன் இறுக்க மாட்டாதவனைக் கடன்கொடுத்தவனுக்கு அடிமையாகத் தீர்ப்பளித்து ஒப்படைப்பர். அங்ஙனம் ஒப்படைக்கப்பட்டவனுக்கு ‘அடிக்டுஸ்’ என்று பெயர். சாய்வையோ பழக்கத்தையோ கூற வந்த சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்துகொண்டிருந்தது விந்தையே.

அதற்கு அடுத்த 1872-ஆம் ஆண்டில் அதே அரசு இயற்றிய சாட்சியச் சட்டம், ஒருவன் தீயொழுக்கமுடையவன் என்பதைக் காட்டி, அவன் இக்குற்றத்தைச் செய்தான் என்று மெய்ப்பித்தல் கூடாது என்று பொதுவிதி வகுத்தது. தனக்கு நல்லொழுக்கம் உண்டென்று குற்றஞ்சாட்டப்பட்டவனே சான்று காட்டினாலன்றி அப்பேச்சு எழலாகாது. சாய்வு வேறு, செயல் வேறு என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் இயலாது. இவ்விரண்டு சட்டமும் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஒருவரே சட்ட உறுப்பினராயிருந்த காலத்தில் எழுந்தவை. தனி மனிதன் கூண்டில் நிற்கும்போது அவன் சாய்வைப் பேசலாகாது. ஒரு குலம் முழுவதும் நிற்கும்போது சாய்வையன்றி வேறொன்றையும் பேசவேண்டுவதில்லை!

இச்சட்டம் 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நாம் இதனைக் கூறிக்கொண்டிருக்கையில், அதுவரை வாளா இருந்த மாணாக்கர் ஒருவர், “எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர், ஐயா” என்றார். அவர் உசிலம்பட்டிப் பக்கத்தவர். தம் பாட்டனாரின் தந்தையார் பெயர் அப்பதிவேட்டில் இருந்ததென்றும், அயலூர் செல்லவேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும் என்றும், இரவில் ஆடவர் காவலர் கண்பார்வையிற் படுத்துறங்க வேண்டும் என்றும், வீட்டிற் பெரியவர் சொல்லக் கேட்டவற்றைக் கூறினார். “அவர் என்ன குற்றம் செய்தார் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, பிறந்ததுதான் என்றார்கள்” என்று அவர் சொன்னபோது, குறிப்பேட்டை வைத்திருந்தவர் தலை கவிழ்ந்தார்.

மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் வரலாற்றில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மறக்கவொண்ணாதது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவற்படை சுட்டது. மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பலர் மாண்டனர். பின்னர் அவர்கட்காக வழக்காட முன்வந்தவர் ஜார்ஜ் ஜோசப் என்னும் வழக்கறிஞர். ‘ரோசாப்பூ துரை’ என்று அம்மக்கள் அன்போடு அழைத்தது இவரையே. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் அது நீக்கப்பட்டது.

அச்சட்டத்தினுள்ளேயே ஒரு முரண் இருந்தது. பதிவுபெற்ற குலத்தாரின் சிறுவரைப் பெற்றோரினின்று பிரித்துத் தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வைக்க 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குற்றம் பிறப்பில் உள்ளதாயின் பிரித்து வளர்ப்பதனாற் பயன் என்னை? பயன் உண்டாயின் அது பிறப்பில் உள்ளதாவது யாங்ஙனம்? சட்டம் எழுதியவர்க்கே தம் சொல்லின்மேல் முழு நம்பிக்கை இருந்ததில்லை என்றே எண்ண வேண்டியிருக்கின்றது.

இப்பிழையை ஆங்கிலர்மேல் மட்டும் சுமத்திவிட்டு எழுந்துவிடுதல் நேர்மையாகாது. இந்நீலகிரி மலையிலேயே, குறும்பர் என்னும் பழங்குடியினர் பில்லிசூனியம் வைக்கும் இயல்பினர் என்று அண்டைக் குடியினர் நம்பினர். கால்நடை மடிந்தாலும் பிள்ளை நோயுற்றாலும் பழி குறும்பர்மேல் விழுந்தது. 1835-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பலமுறை அவர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. இன்னார் இன்ன இயல்பினர் என்னும் பேச்சே போதுமானதாயிருந்தது. கொன்றவர் ஆங்கிலம் அறியாதவர்.

“இவையெல்லாம் பழங்கதை அல்லவா?” என்று ஒருவர் கேட்டார். அன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியபின், வழக்கமாகக் குற்றம் புரிவோர் என்னும் பெயரில் புதுச்சட்டங்கள் மாநிலந்தோறும் எழுந்தன. சென்னையில் 1948-இலேயே எழுந்தது. குலத்தினின்று பழக்கத்துக்கு இறங்கி வந்தது ஒரு நல்ல மாற்றமே. பழக்கம் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி அன்றோ? ஆயினும் சிறைச்சாலை விதிநூல்கள் சிலவற்றில் பழைய சொல் மறையவில்லை. மேற்கு வங்கச் சிறைவிதி ஒன்று, கைதிகளுள் இரவுக்காவலுக்கு யாரை நியமிக்கலாம் என்று கூறுமிடத்து, தப்பியோடும் வலிய இயற்கைச் சாய்வுடைய வகுப்பினரை விலக்கி, அதற்கு எடுத்துக்காட்டாக நாடோடிக் குலத்தாரைக் குறித்திருந்தது. வேறு சில மாநில விதிகள், சீர்மரபினர் ஒருவரை வழக்கக் குற்றவாளியாகவே நடத்தலாம் என்றன. சுகன்யா சாந்தா என்னும் இதழாளர் தொடுத்த வழக்கில், 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இத்தகைய விதிகளை அரசியலமைப்புக்கு மாறானவை என்று தள்ளியது. சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் பகுதியையும் நீக்கக் கட்டளையிட்டது.

அச்சிறைவிதியில் ‘புரொக்ளிவிட்டி’ என்னும் சொல் இல்லை. அதன் உறவாகிய ‘டெண்டென்சி’ இருக்கின்றது. அதன் முன்னே ‘இயற்கையான’ என்னும் அடைமொழி நிற்கின்றது. தீங்கு முழுவதும் அவ்வடைமொழியிலேதான் உள்ளது. சிறைப்பட்டோர் யாவர்க்கும் தப்பியோடும் எண்ணம் எழக்கூடும். சிறை என்பதே அத்தகைய சரிவு. அச்சரிவை ஒரு குலத்தாரின் உடம்பினுள் வைத்துப் பேசியது அவ்வொரு சொல். நம் மாணாக்கர் குறிப்பேட்டில் எழுதியதும் அதே அடைமொழியின் தமிழ்தான். அவர் அகராதியிலிருந்து எடுத்ததும் அதுவே.

ஆகவே மொழிபெயர்க்கும்போது நாம் கையாளும் முறை ஒன்றைக் கூறினோம். இச்சொல்லோ இதன் இனமோ ஒரு தனி மனிதரைப் பற்றி வந்திருக்கின்றதா, ஒரு கூட்டத்தைப் பற்றி வந்திருக்கின்றதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். தனி மனிதரைப் பற்றியதாயின் ‘சாய்வு’, ‘நாட்டம்’ என்பவற்றுள் ஒன்று பெரும்பாலும் அமையும். கூட்டத்தைப் பற்றியதாயின், அவ்வாறு சொல்பவர் யாவர் என்பதையும் சேர்த்துப் பெயர்த்தல் வேண்டும்: ‘இன்னார்க்குக் களவின்பாற் சாய்வு உண்டென அக்காலத்து அதிகாரிகள் கருதினர்’ என்பது போல. மூலத்தில் ‘அதிகாரிகள் கருதினர்’ என்பது இல்லையே எனின், வெளிப்படையாக இல்லை என்பது உண்மைதான். மொழிபெயர்ப்பாளர் மூலத்திற் சேர்க்கலாகாது என்போர் இதனை ஒப்பார். அடிக்குறிப்பில் வைப்போம் என்பர். அதுவும் ஏற்கத்தக்கதே. உசிலம்பட்டி மாணாக்கர் அடிக்குறிப்புக்கு இசையவில்லை. “அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள், ஐயா?” என்றார். இதில் எமக்கும் அவர்க்கும் இன்னும் முடிவு ஏற்படவில்லை.

வண்டி வந்தது. குன்னூரில் எஞ்சின் மாற்றினர். குன்னூருக்குக் கீழே கல்லாறு வரையில் தண்டவாளத்தின் நடுவே பல்லுள்ள இருப்புச்சட்டம் பதித்திருக்கின்றது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி இறங்கும். அங்கே சரிவு மிகக் கடுமை. பன்னிரண்டடி சென்றால் ஏறக்குறைய ஓரடி இறக்கம். மாணாக்கர் அனைவரும் சாளரத்தருகே தலைநீட்டி அச்சட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தனர். குறிப்பேட்டுக்காரர் மட்டும் ‘பிறவிக்குணம்’ என்பதை அடித்துவிட்டு, ‘சாய்வு’ என்று எழுதி, பக்கத்தில் ‘யாருடையது? எங்கே நிற்கையில்?’ என்று இரண்டு வினாக்களையும் எழுதிக்கொண்டார். பின்னர் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். அது ‘ப்ரெடிலெக்‌ஷன்’ என்பது. அதற்கு அவர் எழுதிய ‘தனிவிருப்பம்’ என்னும் பொருளில் எமக்குக் குறை தோன்றவில்லை.